டவுனுக்குள்ள பழைய வீடு, மார்கழிக் குளிர எப்படி சமாளிக்கிறீங்க, எப்படி அனுபவிக்கிறீங்க?

ரெட்டியார்பாளையத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஐப்பசி கடைசில ரெட்டியார்பாளையம் அபார்ட்மெண்ட்ட வாடகைக்கு விட்டுட்டு பாண்டி டவுனுக்குள்ளயே வந்துட்டோம். மிஷன் வீதிக்கும் காந்தி வீதிக்கும் நடுவுல எங்க தாத்தா வீடு, அம்மா பொறந்து வளந்த வீடு, இனிமே இங்கதான் இருப்பேன்னு அம்மா உறுதியா சொல்லிட்டாங்க. அம்மாவுக்கு 74 வயசு, சுகர் இருக்கு, குளிர் வந்தா கூடவே இளைப்பும் வரும். பொண்ணுக்கு 4 வயசு. நானும் வீட்டுக்காரியும் வேலைக்குப் போறோம்.

வீடு நல்ல வீடு. வெளிய தாழ்வாரம், திண்ணை, உள்ள முற்றம், மேல மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டை மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட கூரை), கீழ செவப்பு ரெட் ஆக்சைடு தரை. கத்திரி வெயில்ல இங்க வந்தா ஏசியே வேணாம், அவ்ளோ குளுகுளுன்னு இருக்கும். அதே வீட்டுல இப்போ மார்கழில காலைல தரைல கால் வெக்க முடியல. மழை விட்டு எவ்ளோ நாள் ஆகியும் ஹால்ல வடக்குப் பக்க சுவரு இடுப்பு உயரத்துக்கு ஓதம் காத்து கருப்பா நிக்குது, பீரோல மடிச்சு வெச்ச போர்வைல கூட ஈர வாசனை வருது. ராத்திரி கொசுவுக்காக ஃபேன் போட வேண்டியிருக்கு, ஃபேன் போட்டா அம்மாவுக்கு கால் ரெண்டும் ஐஸ் மாதிரி ஆயிடுது, நிறுத்தினா பொண்ணு கொசுக்கடி தாங்காம எழுந்து உக்காந்துக்கறா. பாண்டில என்ன பெரிய குளிருன்னு நிறைய பேர் கேக்கறாங்க, வயசானவங்க காலைத் தொட்டுப் பாத்தா அப்படி கேக்க மாட்டாங்க. ரூம் ஹீட்டர் ஒன்னு வாங்கிடலாமான்னு யோசிக்கிறேன், யாராவது வெச்சிருக்கீங்களா?

இன்னொன்னும் கேக்கணும், எனக்கு அதுவும் முக்கியம். அபார்ட்மெண்ட்ல இருந்தப்போ குளிர்காலம்னா பால்கனி கதவ சாத்திட்டு டிவி பாக்கறதோட சரி. இங்க விடியறதுக்கு முன்னாடியே வீதில பஜனை போகுது, வாசல் தெளிக்கிற சத்தம் கேக்குது, அம்மா ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு யாரு வீட்டு கோலம் பெருசுன்னு பாத்துக்கிட்டே நிக்கறாங்க. தை முடிஞ்சா அப்புறம் மாசி, பங்குனின்னு வேத்து ஊத்த ஆரம்பிச்சிடும். இருக்கிற கொஞ்ச நாள் குளிர பயந்து கழிக்காம அம்மாவும் பொண்ணும் சந்தோஷமா இருக்கணும்னு நெனைக்கிறேன். டவுனுக்குள்ளயே வருஷக்கணக்கா இருக்கறவங்க என்ன பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்க.


திண்ணைவாசி:

தம்பி, அந்த வட்டாரத்துலயே பொறந்து இப்பவும் அங்கயே இருக்கறவன் நான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

நம்ம ஊர்ல மார்கழி தை ராத்திரில 20 டிகிரிய ஒட்டித்தான் எறங்கும், பக்கத்துல கடல் இருக்கறதால அதுக்கு மேல பெருசா எறங்க விடாது, விழுப்புரம் திண்டிவனம் பக்கம் போனா இதவிட ஜாஸ்தியா குளிரும். அப்புறம் ஏன் நம்ம பழைய வீட்டுக்குள்ள மட்டும் எலும்பு வரைக்கும் எறங்குதுன்னா ரெண்டே காரணம்தான், ஒன்னு ஈரம், இன்னொன்னு வாடைக் காத்து. இது ரெண்டையும் கவனிச்சா போதும், ஹீட்டரே வேணாம்.

காத்து விஷயம் சுலபம். ஐப்பசிலேர்ந்து தை வரைக்கும் நமக்கு வடகிழக்குலேர்ந்துதான் காத்து. அதனால வடக்கு, கிழக்குப் பக்க ஜன்னல சாயங்காலம் மூணரைக்கே சாத்திடுங்க, தெக்குப் பக்கம் கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும். மேல கூரைக்குக் கீழ சின்னச் சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, குளிர்னு சொல்லி அதுல துணியத் திணிச்சு அடைக்காதீங்க, அது வீடு மூச்சு விடறதுக்கு வெச்சது, அத அடைச்சா ஓதம் இன்னும் ஜாஸ்தியாகும். பகல்ல நேர்மாறா பண்ணணும். காலைல பத்து மணிக்கு வெயில் ஏறினதும் எல்லா கதவு ஜன்னலயும் தொறந்து விட்டுட்டு மூணு, மூணரைக்குள்ள நான் சொன்ன மாதிரி சாத்திடணும். நாள் பூரா சாத்தியே வெச்சிருக்கற வீடுதான் ஓதத்துல நாறும்.

சுவரு பத்தி. நம்ம பழைய வீடுங்க எல்லாம் சுண்ணாம்புக் காரை பூசினது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்த இழுக்கும், வெயில் வந்ததும் வெளிய விட்டுடும். நடுவுல யாராவது ரிப்பேர்னு சொல்லி அதுமேல சிமெண்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட்டும் அடிச்சிருந்தா ஈரம் வெளிய வர வழியே இல்லாம உள்ள செங்கல்லுலயே தங்கிடும், அப்படியே மேல ஏறும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அப்போ எங்க வீதில தண்ணி உள்ள வந்துச்சு. எங்க வீட்டுல சுண்ணாம்பு பூசின முன்கட்டு தைப் பொங்கலுக்குள்ள காஞ்சுபோச்சு, சிமெண்ட் பூசின பின்கட்டு மாசி முடியற வரைக்கும் சில்லுன்னு இருந்துச்சு. உங்க வடக்குச் சுவர நகத்தால சுரண்டிப் பாருங்க, சாம்பல் கலரா கெட்டியா இருந்தா சிமெண்ட்டுதான். இப்போ ஒன்னும் பண்ண முடியாது, பங்குனில நல்லா காஞ்ச பிறகு கீழ மூணு நாலு அடிக்கு அத கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்புப் பூச்சு தெரிஞ்ச கொத்தனாரா பாத்து பூசச் சொல்லுங்க, மேல வெள்ளை அடிங்க, எமல்ஷன் வேணாம். அதுவரைக்கும் பீரோ, கட்டில் எதுவும் அந்தச் சுவர ஒட்டி இருக்கக் கூடாது, ஒரு முழம் தள்ளிப் போடுங்க, பகல்ல டேபிள் ஃபேன அந்தச் சுவரப் பாத்து ஓட விடுங்க. ஈரத் துணிய ஹால்ல கயிறு கட்டி காய வெக்கவே கூடாது, அந்த ஈரம் பூரா சுவத்துக்கும் போர்வைக்கும்தான் போகும்.

இப்போ வெயில். இது பழைய வீட்டுக்காரங்களுக்கு மட்டும் கிடைக்கிற பாக்கியம் தம்பி. மார்கழில சூரியன் தெக்கால சாஞ்சு போகுது, உச்சி வேளைல கூட தலைக்கு நேர் மேல வராது. அதனால முற்றத்துல வெயில் விழறது வடக்குப் பக்கத்துல. அந்த வடக்குத் தாழ்வாரத்துல தூண் ஓரமா பத்தரை மணிக்கு ஒரு நாற்காலி போட்டு அம்மாவ உக்கார வெச்சுப் பாருங்க, கால்ல வெயில் படும், தலைல படாது, ஒன்னு ரெண்டு மணி வரைக்கும் நகரவே மாட்டாங்க. கத்திரி வந்தா சூரியன் தலைக்கு மேலயும் கொஞ்சம் வடக்காவும் போயிடும், அப்போ அதே இடத்துல நிழல். இத யோசிச்சு கட்டினவங்கள நெனச்சா எனக்கு கை எடுத்துக் கும்பிடணும் போல இருக்கும்.

வீதியும் அப்படித்தான். கிழக்கு மேற்கா ஓடற வீதில வடக்கு வரிசை வீட்டுத் திண்ணை எல்லாம் தெக்கு பாத்தது, மார்கழில அதுல நல்லா வெயில் அடிக்கும். எதிர் வரிசைல இருக்கற பெருசுங்க எல்லாம் பேப்பர எடுத்துக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடுவாங்க, எங்க வீதில இன்னிக்கும் அது நடக்குது. யாரும் கூப்பிட மாட்டாங்க, நீங்களா போய் உக்காரலாம். உங்க அம்மாவுக்கு அந்த வீதில கூடப் படிச்சவங்க யாராவது கட்டாயம் இருப்பாங்க, திண்ணைல கொண்டுபோய் உக்கார வைங்க, மத்தது தானா நடக்கும்.


வார்டு அக்கா:

நான் நர்ஸ். அண்ணா வீட்டப் பத்தி சொல்லிட்டாரு, நான் அம்மாவப் பத்தி மட்டும் சொல்றேன்.

சுகர் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கும். சூடு எவ்ளோன்னு அவங்களுக்குத் தெரியாது. ஹாட் வாட்டர் பேக்க நேரா கால்ல வெச்சு கொப்புளம் போட்டு, அது புண்ணாகி வர்றவங்கள ஒவ்வொரு மார்கழியும் நாங்க பாக்கறோம், மனசு கஷ்டமா இருக்கும். கொதிக்கற தண்ணி ஊத்தக் கூடாது, முழங்கைல ஊத்திப் பாத்தா தாங்கற சூடு போதும். அத துண்டுல சுத்தி தூங்கப் போறதுக்கு அரை மணி முன்னாடி போர்வைக்குள்ள கால் பக்கம் வெச்சிடுங்க, அம்மா படுக்கும்போது எடுத்துடுங்க. படுக்கை சூடாயிருக்கும், காலுக்கு ஆபத்து இல்ல. காட்டன் சாக்ஸ் போடுங்க, எலாஸ்டிக் இறுக்கமா இருக்கக் கூடாது, டெய்லி கழட்டி விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்க. இந்தக் காத்துக்கு குதிகால் வெடிக்கும், அது வழியாவும் புண் வரும், ராத்திரி தேங்கா எண்ணெய் தடவுங்க, விரல் இடுக்குல மட்டும் வேணாம்.

ஸ்வெட்டர் ஒன்னே ஒன்னு தடியா போடறதவிட ரெண்டு மூணு மெல்லிசு காட்டன் ஒன்னு மேல ஒன்னு போடறது கதகதப்பா இருக்கும், வெயில் ஏற ஏற ஒவ்வொன்னா கழட்டலாம். குட்டிப் பொண்ணுக்கும் அதேதான், கம்பளி ஸ்வெட்டர போட்டு ஓட விட்டா உள்ள வேத்துடும், அந்த வேர்வ ஆறும்போதுதான் புள்ளைங்களுக்கு நடுங்கும். காத மூடற குல்லா விடியக் காலைலயும் ராத்திரியும் இருந்தா போதும்.

இளைப்பு இருக்கறவங்க மார்கழி பஜனைக்கு நாலரை மணிக்கு பனில போகணும்னு ஆசப்படுவாங்க, திண்ணைலயே ஷால் போத்திக்கிட்டு மூக்கு வாய மூடி உக்காந்து கேக்கட்டும். வாக்கிங் எல்லாம் வெயில் வந்த பிறகு வெச்சுக்கலாம். குளியலும் காலைல அஞ்சு மணிக்கு வேணாம், பதினொரு மணிக்கு மேல வெந்நீர்ல குளிச்சுட்டு அப்படியே முற்றத்து வெயில்ல உக்காந்தா தலையும் காயும். டாக்டர் குடுத்த இன்ஹேலர நல்லாயிருக்குன்னு நடுவுல நிறுத்தாதீங்க. குளிருக்கு தாகம் எடுக்காது, அதனால வயசானவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க, வெதுவெதுன்னு ஒரு ஃபிளாஸ்க்ல பக்கத்துலயே வைங்க. பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்குச்சுன்னாலோ உதடு நீலமாச்சுன்னாலோ கஷாயம் வெச்சுப் பாக்கலாம்னு உக்காராதீங்க, உங்களுக்கு ஜி.எச். பக்கம், உடனே கூட்டிட்டுப் போங்க.

கொசுவுக்கு ஃபேன் வேணாம், கொசுவர்த்தியும் வேணாம், அந்தப் புகை இளைப்ப ஜாஸ்தியாக்கும். கொசுவலை கட்டுங்க. வலைக்குள்ள காத்து அடிக்காது, ரெண்டு பேர் படுத்தா அந்த மூச்சுக் காத்துக்கே உள்ள கதகதன்னு ஆயிடும். பாட்டியும் பேத்தியும் ஒரே வலைக்குள்ள படுக்கட்டும், புள்ளைக்கு அது ஒரு கூடாரம், தூங்கவே கூப்பிட வேண்டியதில்ல. ஒன்னு, பாட்டிக்கு இருமல் சளி இருக்கற நாள்ல மட்டும் தனியா படுக்க வைங்க.


குருசுக்குப்பம் பொண்ணு:

அனுபவிக்கிறது பத்தி யாரும் முழுசா சொல்லலையே, நான் சொல்றேன் 😊

மார்கழில பெரிய மார்க்கெட்டுக்கு காலைல ஒரு நடை போயிட்டு வாங்க, கூடை ஒன்னு எடுத்துக்கிட்டு பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க. இப்போதான் பச்சை மொச்சை, அவரை, சர்க்கரவள்ளி எல்லாம் வரும், மார்கழி கடைசிலேர்ந்து பனங்கெழங்கு கட்டு கட்டா வரும். பனங்கெழங்க தோல உரிச்சு மஞ்சளும் உப்பும் போட்டு குக்கர்ல வேக வைங்க, நல்லா நாலஞ்சு விசில், வெந்ததும் ரெண்டா பொளந்து நடுவுல இருக்கற நரம்ப உருவிட்டு சூடா கைல குடுத்தா நாரு நாரா உரிச்சு சாப்பிடறதுக்கே ஒரு மணி நேரம் ஆகும். எங்க வீட்டுல சாயங்காலம் அஞ்சரைக்கு பொழுது சாயும்போது எல்லாரும் அடுப்படியிலயே பலகை போட்டு உக்காந்து இததான் சாப்பிடுவோம், அடுப்பு பக்கம்தானே வீட்டுலயே சூடான எடம். கொஞ்சம் மிளகு, பூண்டு, உப்பு தட்டி தொட்டுக்கிட்டா இன்னும் நல்லாயிருக்கும். அம்மாவுக்கு சுகர்னால கொஞ்சமா குடுங்க.

சுக்கு மல்லிக் காபிக்கு கடைப் பொடி வேணாம், ரெண்டு பங்கு மல்லி, ஒரு பங்கு சுக்கு, அதுல கால்வாசி மிளகு, ரெண்டு ஏலக்கா, லேசா வறுத்து அரைச்சு வெச்சுக்கோங்க. மத்தவங்களுக்கு கருப்பட்டி போடுங்க, அம்மாவுக்கு இனிப்பு இல்லாமலே கொஞ்சம் பால் ஊத்திக் குடுங்க. சளி புடிச்சா தூதுவளை ரசம், இல்லைனா நண்டு ரசம், நம்ம ஊர்ல நண்டுக்கா பஞ்சம். சித்திரை பொறந்ததும் ரெண்டு மாசம் விசைப்படகு கடலுக்குப் போகாது, தடைக்காலம், அதனால நல்ல மீன் சாப்பிடணும்னா இந்தக் குளிர்லயே சாப்பிட்டுக்கணும். மழைக்கு அப்புறம் வர்ற மத்தி, நெத்திலிக்கு ருசியே தனி.

கோலம். அக்காவுக்கு (உங்க வீட்டுக்காரிக்கு) கோலம் தெரியுமோ தெரியாதோ, அம்மாவுக்கு கட்டாயம் தெரியும். அம்மாவால குனிய முடியாது, அதனால அவங்க திண்ணைல உக்காந்து புள்ளி கணக்கு சொல்லட்டும், அக்கா புள்ளி வெக்கட்டும், குட்டி கலர் தூவட்டும். நடுவுல சாணி உருண்டைல பூசணிப்பூ வெக்கறது நம்ம வீதில இன்னும் இருக்கு, பூவு மார்க்கெட் வாசல்ல விடியக் காலைல கிடைக்கும், லேட்டா போனா முடிஞ்சிடும். அடுத்த வீட்டுக்காரங்க வந்து நின்னு இந்த கம்பிக் கோலம் இப்படி வராது, அப்படி சுத்தணும்னு சொல்லுவாங்க, அதுலதான் பழக்கம் ஆகும். அபார்ட்மெண்ட்ல இது எதுவும் கிடையாது.

பெருமாள் கோயில் உங்களுக்கு நடக்கற தூரம், காந்தி வீதிலயே வரதராஜப் பெருமாள், காலைல பூஜை முடிஞ்சு தொன்னைல சுடச்சுட வெண்பொங்கல் குடுப்பாங்க, நெய்யும் மிளகுமா கையில வாங்கும்போதே உள்ளங்கை சூடாயிடும். கிறிஸ்மஸ் நேரத்துல மிஷன் வீதி சம்பா கோயில்ல குடில் வெப்பாங்க, பொண்ணுக்கு காட்டுங்க, வீதி பூரா ஸ்டார் தொங்கும். ஆனா டிசம்பர் கடைசி வாரம் டூரிஸ்ட் கூட்டம் டவுனுக்குள்ள நெறஞ்சு வழியும், பீச் பக்கம் போகாதீங்க. ஜனவரி முதல் வாரம் கழிச்சு போங்க. பீச் ரோட்டுல சாயங்காலம் 6 மணிலேர்ந்து காலைல ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, புள்ளைய பயமில்லாம ஓட விடலாம். சூரியன் இப்போ ஆறரைக்குத்தான் வருது, அதனால ரொம்ப சீக்கிரம் எழுந்திருக்கவும் வேணாம், பாறை மேல உக்காந்தா மூஞ்சில நேரா வெயில் படும், கடல் காத்து குளிரும், ரெண்டும் ஒன்னா படற அந்த சுகத்துக்காகவே நான் மார்கழிய எதிர்பாத்துக்கிட்டு இருப்பேன்.

போர்வை, ஷால் வேணும்னா ஞாயித்துக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பாருங்க, மத்த கடையவிட விலை கம்மி, ஆனா வாங்கினதும் ஒரு தடவ துவைச்சு வெயில்ல போட்டுத்தான் போத்தணும்.


கடலூர் ஓ.டி.:

நாங்க கடலூர் ஓல்டு டவுன், எங்களுக்கும் இதே கதைதான், கடலு ஒரு பக்கம், உப்பனாறு ஒரு பக்கம், ஈரத்துக்கு கேக்கணுமா.

படுக்கைய மட்டும் கவனிங்க அண்ணா, பாதி குளிர் அதுலயே போயிடும். இலவம்பஞ்சு மெத்தை வீட்டுல இருந்தா வெளிய எடுங்க, பழைய வீடுன்னா பரண்ல கட்டாயம் ஒன்னு இருக்கும். மொட்டை மாடில பத்து மணிக்கு வெயில்ல போட்டு, மத்தியானம் ஒரு தடவ பொரட்டிப் போட்டு, குச்சியால தட்டுங்க, பஞ்சு உப்பிக்கிட்டு வரும். முக்கியமா மூணரை மணிக்குள்ள எடுத்து உள்ள கொண்டு வந்துடணும். நாலு மணி தாண்டினா காத்துல ஈரம் ஏற ஆரம்பிச்சிடும், நாள் பூரா காஞ்சது ஒரு மணி நேரத்துல வீணாயிடும். வெயில்ல காஞ்ச மெத்தைய மடிச்சு மேல ஒரு போர்வ போத்தி வெச்சா ராத்திரி படுக்கற வரைக்கும் சூடு இருக்கும். தலகாணியும் அப்படியே.

தரைல கால் வெக்க முடியலன்னு சொன்னீங்க, ரெட் ஆக்சைடும் கல்லும் உடம்புச் சூட்ட சர்ருன்னு இழுத்துக்கும், அதான். கட்டில்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் ஜமுக்காளம் விரிச்சிடுங்க, அம்மா நடக்கற வழி பூரா. ஓரம் சுருட்டிக்கிட்டு தடுக்காத மாதிரி பாத்துக்கோங்க. நாங்க கீழ கோரைப்பாய், அது மேல ஜமுக்காளம்னு ரெண்டு அடுக்கா போடுவோம், பாய்க்கு நடுவுல நிக்கற காத்துதான் குளிர மறிக்கும்.

முடிஞ்சா திருவாதிரைக்கு சிதம்பரம் வந்துட்டுப் போங்க, கூட்டம் புடிக்காதுன்னா வீட்டுலயே களி கிண்டி ஏழுகறிக் குழம்பு வைங்க. அந்தக் குளிருக்கு அந்தக் களி அவ்ளோ பொருத்தமா இருக்கும், மார்கழில கிடைக்கற எல்லா காயும் கெழங்கும் அந்தக் குழம்புல ஒன்னா சேந்துடும்.


பிளக் பாயிண்ட்:

ரூம் ஹீட்டர் கேட்டாரே, அதுக்கு யாரும் நேரா பதில் சொல்லல. நான் வயரிங் வேலை பாக்கறவன், டவுன்ல பழைய வீடுங்கதான் நிறைய பாக்கறேன், அதனால இத அக்கறையா சொல்றேன், வாங்காதீங்க.

ஹீட்டர் சாதாரணமா 2000 வாட். நம்ம 230 வோல்ட்டுக்கு ஒம்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும். பழைய வீட்டு ஹால்ல இருக்கறது 5 ஆம்பியர் பிளக், உள்ள போற வயர் எந்த காலத்துதோ, அதுல அடாப்டர் மாட்டி ஹீட்டர் சொருகினா பிளக் உருகும், வயர் சூடாகும். மேல இருக்கறது மரத்துலாக் கட்டை, பழைய தேக்கு, யோசிச்சுக்கோங்க. ஒரு மணி நேரம் ஓடினா 2 யூனிட்டு. அதுவும் போக முற்றம் தொறந்திருக்கிற வீட்டுல சூடு நிக்காது, அவ்வளவும் மேல போயிடும்.

அதவிட முக்கியம், ஓதம் காத்த சுவத்துல ஸ்விட்ச் பாக்ஸ் இருந்தா அத உடனே காட்டுங்க. ஸ்விட்ச் போடும்போது விரல்ல லேசா சுருக்குன்னா அப்படியே விடக் கூடாது. மெயின்ல ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னு பாருங்க, இல்லைனா போடச் சொல்லுங்க, ஹீட்டருக்கு வெச்ச காச அதுல போடலாம். வெந்நீருக்கு ராடு போடறவங்க சுவிட்ச் ஆஃப் பண்ணி பிளக்க கழட்டின பிறகுதான் தண்ணில கை வெக்கணும், சின்னப் புள்ள இருக்கற வீட்டுல ராடே வேணாம், அடுப்புலயே காய்ச்சிக்கோங்க. கேஸ் கீசர் வெச்சிருந்தா பாத்ரூம் ஜன்னல சாத்தக் கூடாது. கும்முட்டி அடுப்புல கரி போட்டு ரூமுக்குள்ள வெச்சு கதவ சாத்திட்டு படுக்கறத தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க, அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.


ரெட்டியார்பாளையத்தான்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ஹீட்டர் யோசனைய விட்டுட்டேன். சுவர சுரண்டிப் பாத்தேன் அண்ணா, நீங்க சொன்ன மாதிரி சிமெண்ட்டுதான், கொத்தனார்கிட்ட பங்குனிக்கு சொல்லி வெச்சாச்சு. கொசுவலை கட்டினதுலேர்ந்து ஃபேன் ஓடல, அம்மா நடுவுல எழுந்திருக்காம தூங்கறாங்க. வடக்குத் தாழ்வாரம்தான் இப்போ அவங்க எடம், வெயில் நகர நகர நாற்காலிய பேத்தி இழுத்து இழுத்துப் போடறா. கோலமும் ஆரம்பிச்சாச்சு, அம்மா 21 புள்ளி கோலத்த புஸ்தகம் இல்லாம கடகடன்னு சொல்றாங்க, எனக்கே தெரியாது இது அவங்களுக்குத் தெரியும்னு.

மூணு விஷயம் இன்னும் கேக்கணும். ராத்திரி முற்றத்து மேல தார்ப்பாய் கட்டி மூடிடலாமா, அங்கேர்ந்துதான் பனி எறங்குதுன்னு வீட்டுக்காரி சொல்றா. ரெண்டாவது, போகி புகை. ரெட்டியார்பாளையத்துல நாலாவது மாடில இருந்தப்பவே அம்மா அன்னிக்கு முழுக்க இருமுவாங்க, இங்க வீட்டு வாசல்லயே கொளுத்துவாங்க. மூணாவது, பொங்கல முற்றத்துலயே வெக்கலாமா, பழைய வீட்டுல எங்க வெக்கறது வழக்கம்?


திண்ணைவாசி:

முற்றத்த மேல முழுசா மூடாதீங்க தம்பி. வீட்டுல இருக்கற ஈரக் காத்து வெளிய போற வழியே அதுதான், மூடினா காலைல தார்ப்பாய்க்கு அடில தண்ணி முத்து முத்தா நிக்கும், சுவரு இன்னும் ஊறும். அதுக்கு பதிலா அம்மா படுக்கற ரூம் பக்கம் தாழ்வாரத்துல தூணுக்கும் தூணுக்கும் நடுவுல மூங்கில் தட்டி தொங்க விடுங்க, சுருட்டி ஏத்தற மாதிரி. ராத்திரி எறக்கி விட்டா குளிர் காத்து நேரா ரூமுக்குள்ள அடிக்காது, காலைல சுருட்டிட்டா வெயில் வரும். மழை பேஞ்சா மட்டும் தார்ப்பாய் போட்டுக்கலாம், அதுவும் ஒரு பக்கம் தூக்கி.

போகிக்கு இப்பவே பேசணும், அன்னிக்கு காலைல பேசினா யாரும் கேக்க மாட்டாங்க. எங்க வீதில ஒவ்வொரு வீடா போய் சொன்னோம், டயரு, பிளாஸ்டிக், பழைய மெத்தை, ரெக்ஸின் எதுவும் போடக் கூடாது, பாய், தொடப்பம், காஞ்ச எலை மட்டும்னு. வீட்டுக்கு வீடு கொளுத்தாம வீதி முனைல ஒரே எடத்துல கொளுத்தறோம், புள்ளைங்க எல்லாம் அங்கயே மேளம் தட்டறாங்க, குளிர் காயறாங்க, யாருக்கும் குறை இல்ல. வயசானவங்க, கைக்குழந்தை இருக்கற வீடு எதுன்னு சொன்னா நம்ம ஜனம் புரிஞ்சுக்கும். அதுக்கு மேல முந்தின நாள் ராத்திரியே வீதிப் பக்க ஜன்னல் எல்லாம் சாத்தி, அம்மாவ பின்கட்டு ரூம்ல படுக்க வைங்க, பனியோட சேந்து புகை கீழயே நிக்கும், ஒம்பது மணிக்கு வெயில் வந்து அது கலையற வரைக்கும் தொறக்காதீங்க. இன்ஹேலர் பக்கத்துலயே இருக்கட்டும்.

பொங்கல் தாராளமா முற்றத்துலயே வெக்கலாம். நம்ம பழைய வீடுங்கள்ள முற்றத்துலதான் வெப்பாங்க, சூரியன் தெரியணும் இல்லையா. தை 1 அன்னிக்கு எட்டு எட்டரைக்கு உங்க முற்றத்துல வெயில் எங்க விழுதுன்னு முந்தின நாளே பாத்து அங்க கல்லு கூட்டி வைங்க, அம்மா எங்க வெப்பாங்கன்னு அவங்களையே கேட்டா அவங்களே காட்டுவாங்க. பன்னீர் கரும்பும் மஞ்சக் கொத்தும் போகிக்கு முந்தின நாளே வாங்கிடுங்க, போகி அன்னிக்கு காந்தி வீதி, மார்க்கெட் பக்கம் வண்டி நொழைய முடியாது, விலையும் ஏத்திடுவாங்க. பானை வாங்கும்போது தட்டிப் பாத்து வாங்குங்க, கணீர்னு சத்தம் வரணும்.